கறி இறங்கவில்லையா? புரதத்தைக் கைவிடாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கறிக்கடைகளில் கூட்டம் நெரியும். பதினோரு மணிக்கெல்லாம் தெருவே குழம்பு வாசனையில் மிதக்கும். வீட்டில் எல்லோரும் ருசித்துச் சாப்பிடுகிற அந்த நேரத்தில், எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று நான்கு மாதமான மகளோ மருமகளோ மட்டும் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள்.

"என்னம்மா, பஞ்சு மாதிரி வெந்த கறி. ஒரு துண்டாவது சாப்பிடக் கூடாதா?"

"வேண்டாம் அத்தை. நெஞ்சிலேயே நிக்குது. உள்ளே இறங்க மாட்டேங்குது."

"டாக்டர் புரதம் நிறையச் சாப்பிடச் சொன்னாரே! கறியைத் தொடலைன்னா உடம்புக்குத் தெம்பு எங்கேருந்து வரும்?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கறி இறங்கவில்லை என்று அந்தப் பெண் சொல்வது சாக்கு அல்ல, பிடிவாதமும் அல்ல. புரதம் இல்லாவிட்டால் தெம்பு வராது என்று அத்தை சொல்வதும் பொய் அல்ல. ஆனால் புரதம் என்றால் கறி, கறி என்றால் புரதம் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. கறியை விட்டுவிட்டாலும் புரதத்தை விடாமல் பிடித்துக்கொள்ள நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்து சர்ஜன் எட்வர்டு மேசன் 1966-ல் உடல் பருமனுக்காக முதன்முதலில் இரைப்பை பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். அன்று அபூர்வமாக இருந்தது இன்று நம் ஊரில் பழகிப் போன சிகிச்சை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். சர்க்கரை வியாதி, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று அவதிப்பட்டு, வேறு வழியில்லாமல் இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்களைச் 'சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள்' என்று ஏளனம் செய்வது சரியல்ல.

அதிகமாகச் செய்யப்படுவது இரண்டு விதம். 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையில் சுமார் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய்தான். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். 30 மில்லி என்றால் எவ்வளவு? இரண்டு மேஜைக் கரண்டி!

கறி மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கறி என்பது நார் நாராகப் பின்னிய தசை. அதை ஜீரணிக்க இரைப்பை இரண்டு வேலை செய்ய வேண்டும். அமிலத்தில் ஊற வைக்க வேண்டும். ஆட்டுக்கல்லில் அரைப்பது போலப் பிசைந்து கூழாக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அமிலம் சுரக்கும் பகுதி குறைந்துவிடுகிறது. பிசைகிற பகுதி ஸ்லீவில் குறுகிவிடுகிறது. பைபாஸில் உணவு அந்தப் பக்கமே போவதில்லை. ஆகவே, வாயில் சரியாக அரைபடாத ஒரு துண்டு அந்தக் குறுகிய வழியில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நெஞ்சில் பாரம், வாயில் நுரை நுரையாக எச்சில், பிறகு வாந்தி. உலர்ந்த கோழி நெஞ்சுக்கறியும், முற்றிய ஆட்டுக்கறியும், பொரித்து மறுபடி சூடாக்கிய துண்டுகளும்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லையைத் தருகின்றன. சிலருக்குக் கறி வாசனையே குமட்டும். முன்பு பிடித்த ருசி இப்போது பிடிக்காமல் போவதும் இந்த ஆபரேஷனுக்குப் பின் சகஜம்தான்.

பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போக இது சரியாகிவிடும். அதுவரை வற்புறுத்தி ஊட்டுவதில் பயன் இல்லை. வாந்திதான் மிச்சம்.

வழுக்கிப் போகும் உணவுகள் - ஜாக்கிரதை!

உண்மையான ஆபத்து கறி இறங்காததில் இல்லை. கறிக்குப் பதிலாக எது இறங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. கஞ்சி இறங்குகிறது. ரசம் சாதம் இறங்குகிறது. காபியில் நனைத்த ரஸ்க், பன், மேரி பிஸ்கட் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. "பாவம், இதையாவது சாப்பிடட்டுமே" என்று வீட்டில் எல்லோரும் அதையே கொடுக்கிறார்கள். அந்தச் சின்ன வயிறும் நிறைந்துவிடுகிறது. ஆனால் நிறைந்தது மாவுச் சத்தால்! ஒரு கிண்ணம் கஞ்சியில் இருப்பது இரண்டு மூன்று கிராம் புரதம்தான். ஒரு இட்லியில் இரண்டு கிராம் கூடத் தேறுவது சந்தேகம்.

இப்படியே நாள்கள் போனால் உடம்பு தன் சொந்தத் தசையைக் கரைத்துச் செலவு செய்யத் தொடங்கும். தராசில் எடை குறைவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். குறைந்தது கொழுப்பா, தசையா என்று தராசு சொல்லாது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குவது, புண் ஆறத் தாமதமாவது, பாதத்தில் வீக்கம், எந்நேரமும் அசதி எல்லாம் புரதக் குறைவில் வரக்கூடியவை. ஆபரேஷனான மூன்றாவது மாதத்திலிருந்து தலைமுடி கொட்டுவது வேகமாக எடை குறைவதாலேயே பலருக்கு வரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். ஆனால் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் அது கூடுதலாகும், நீடிக்கும்.

எவ்வளவு வேண்டும்?

ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், சிலருக்கு 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரும் உணவியல் நிபுணரும்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவர்களைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. நம் குன்னூரில் 1918-ல் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்காக ஒரு சின்ன அறையில் தொடங்கி, பின்பு 1958-ல் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள சாதாரணப் பெண்ணுக்குத் தினம் சுமார் 46 கிராம் புரதம் போதும். முழு வயிறு இருப்பவளுக்கு 46. இரண்டு மூன்று கரண்டி வயிறு இருப்பவளுக்கு 60! அதனால்தான் ஒவ்வொரு வாயையும் கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

உணவே மருந்து என்பது தாம்பரத்துக்குப் புதிய பாடம் அல்ல. டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-ல் இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது, அந்த நோயைத் தீர்க்கும் மருந்து உலகத்தில் எங்குமே இல்லை. ஓய்வு, நல்ல காற்று, சத்தான ஆகாரம் இவைதான் அன்றைய சானடோரிய வைத்தியம். இன்று நம்மிடம் மருந்தும் இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது. ஆனாலும் ஆபரேஷனின் பலன் நிலைத்து நிற்பது சமையலறையில்தான்.

எதில் எவ்வளவு?

இதோ, உங்கள் அடுக்களை அலமாரியில் ஒட்டி வைத்துக்கொள்ள ஒரு பட்டியல். எல்லாம் சுமாரான அளவு:

முட்டை, ஒன்று - 6 கிராம்
பால், 200 மில்லி - 6 கிராம்
துணியில் கட்டி நீர் வடித்த தயிர், 100 கிராம் - 6 கிராம்
பனீர், 50 கிராம் - 9 கிராம்
வேக வைத்த மீன், முள் நீக்கியது, 75 கிராம் - 15 கிராம்
கெட்டியாக வெந்த பருப்பு, ஒரு சின்னக் கிண்ணம் - 6 கிராம்
மீல் மேக்கர், காய்ந்தது 15 கிராம் - 7 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 15 கிராம் - 5 கிராம்
பொட்டுக்கடலை மாவு, 15 கிராம் - 3 கிராம்

ஆபரேஷன் ஆன முதல் இரண்டு வாரம் திரவ ஆகாரம், பிறகு மசித்த கூழ், அதற்குப் பிறகு மிருதுவான உணவு என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரமான பிறகே சாதாரண உணவு. ஒரு படி முன்னதாகத் தாண்டவும் கூடாது. "நாலு நாள்தான் இருக்கே, இன்னிக்கே ஒரு துண்டு மீன் குடுத்தா என்ன?" என்ற செல்லம் வேண்டாம்.

மூன்று மாதம் கடந்தவருக்கு ஒரு நாள் கணக்கு

காலை 6.30: பால் 200 மில்லி, அதில் பால் பவுடர் 15 கிராம் கலந்து, சர்க்கரை போடாமல், அரை மணி நேரத்தில் வாய் வாயாக - 11 கிராம்.
காலை 9: ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக் கருவும் சேர்த்துக் கிண்டியது - 9 கிராம்.
காலை 11.30: நீர் வடித்த தயிர் 100 கிராம், துளி உப்பும் சீரகப் பொடியும் - 6 கிராம்.
மதியம் 1.30: மீன் புட்டு 75 கிராம், அரைக் கிண்ணம் பருப்பு - 18 கிராம். இடம் இருந்தால் பிறகு ஒரு கரண்டி காய், அதன் பிறகே ஒரு பிடி சாதம்.
மாலை 4.30: பனீர் 40 கிராம், மிளகுத் தூள் தூவி - 7 கிராம்.
இரவு 7.30: மீல் மேக்கர் பொடிமாஸ் - 7 கிராம்.
இரவு 9.30: பால் 150 மில்லி - 5 கிராம்.

கூட்டிப் பாருங்கள். 63 கிராம்! ஒரு துண்டு கறி கூட இதில் இல்லை. மீனும் வேண்டாம் என்கிற சைவக்காரர்கள் மதியம் 50 கிராம் பனீரும் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் எடுத்துக்கொண்டால் 60 வந்துவிடும். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் டாக்டர் சொல்லும் புரதப் பவுடரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

சிலருக்கு, முக்கியமாக பைபாஸ் ஆனவர்களுக்கு, பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் ஆகும். அவர்கள் பாலை நிறுத்திவிட்டுத் தயிர், மோர், சோயா பால் என்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று எளிய பக்குவம்

மீன் புட்டு: நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள் அல்லவா, அதே பக்குவம்தான். வஞ்சிரம், கொடுவா போன்ற சதைப்பற்றான மீன் 150 கிராம் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேக வையுங்கள். தோலும் முள்ளும் ஒன்று விடாமல் எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, இஞ்சி தாளித்து மீனைப் போட்டுப் பிரட்டி, மிளகுத் தூள் தூவுங்கள். கடைசியில் மீன் வெந்த தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி தெளித்து இறக்குங்கள். புட்டு ஈரமாக இருக்க வேண்டும். வறண்டால் தொண்டையில் நிற்கும்.

பருப்பு முட்டைக் கடையல்: பாசிப்பருப்பு 30 கிராமைக் குழைய வேக வைத்துக் கடைந்து, கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள். உப்பு, மிளகு, சீரகம் போதும். மொத்தம் 13 கிராம் புரதம். ஒரே வேளையில் முடியாது. பாதி இப்போது, பாதி பிறகு.

வீட்டுப் பனீர்: ஆவின் நீலப் பாக்கெட் பால் ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்து, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கடைப் பனீர் போல அழுத்திக் கட்டியாக்க வேண்டாம். உதிரியாக, ஈரமாக இருந்தால்தான் சுலபமாக இறங்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

ஏமாற்றும் மூன்று

ஆட்டுக்கால் சூப்: "சூப் குடுத்தேன், தெம்பு வந்துடும்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எலும்பிலிருந்து இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். அதில் உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் இல்லை. தொண்டைக்கு இதம், ஆனால் புரதக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

டப்பாவில் வரும் மால்ட் பானம்: இரண்டு ஸ்பூனில் மூன்று கிராம் அளவுக்குத்தான் புரதம். மிச்சத்தில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும். பைபாஸ் ஆனவர்களுக்குச் சர்க்கரை அதிகமானால் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றோட்டம் கூட வரும்.

புரதப் பவுடர்: இது எதிர்ப்பக்க ஏமாற்று. 'ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிப்பது' என்று பயந்து ஒதுக்குகிறோம். வே என்னும் பவுடர் பாலிலிருந்து எடுப்பதுதான். ஒரு அளவுக் கரண்டியில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் கிடைக்கும். முதல் மாதங்களில் இது பெரிய துணை. டாக்டரைக் கேட்டு, டப்பாவில் புரத அளவும் சர்க்கரை அளவும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கறிக்கு மறுபடி எப்போது?

கறி மேல் ஆசை இருப்பவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகு மெல்ல முயன்று பார்க்கலாம். முதலில் கொத்துக்கறியில் தொடங்குங்கள். இளங்கறியாக வாங்கி, குக்கரில் குழைய வேக வைத்து, குழம்போடு ஈரமாக இரண்டு ஸ்பூன். கோழியில் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைக்கறி ஈரப்பதமானது. ஒவ்வொரு வாயும் சுண்டைக்காய் அளவு. 20, 25 தடவை மெல்ல வேண்டும். முன்பு சாப்பிட்ட வேகத்தை மறந்துவிடுங்கள். இறங்கவில்லையா? அன்று நிறுத்திவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

எந்த வேளையானாலும் நாலு விதி. முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சாதம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். பெரிய தட்டும் சாதக் கரண்டியும் வேண்டாம். சின்னக் கிண்ணம், டீ ஸ்பூன் போதும். 'போதும்' என்று வயிறு சொன்ன பிறகு ஒரு வாய் கூட வேண்டாம்.

இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

தண்ணீர் கூட இறங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி, விடாத வயிற்று வலி, காய்ச்சல், கால் வீக்கம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது இவற்றில் எது வந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் தையமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். குன்னூரில் அன்று ஆராய்ந்த அதே பெரிபெரிக்குக் காரணமான குறைவுதான் இது!

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசுக்கும் தொடர வேண்டியவை. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு காபி, டீ வேண்டாம். இளம் பெண்களுக்கு இன்னொன்று: எடை குறையும்போது நின்று போயிருந்த மாதவிலக்கு ஒழுங்காகி, கரு தரிப்பது சுலபமாகிவிடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் ஒன்று, ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப் போடுவதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மாமியார்களே, அம்மாக்களே! "இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் செய்தும் ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கறா" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அவள் சாப்பிட முடிந்த அளவு அவ்வளவுதான். அந்த அளவுக்குள் எதை வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கஞ்சி வைக்கும் நேரத்தில் ஒரு முட்டையை அவித்துவிடலாம். ரஸ்க் பாக்கெட் வாங்கும் காசில் தயிர் வாங்கிவிடலாம். விருந்துக்குப் போன இடத்தில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று யாராவது வற்புறுத்தினால், அவளுக்கு முன்னால் நீங்கள் "போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாதீர்கள். அதன் பின்பக்கம் அன்று சாப்பிட்டதையும் பக்கத்தில் புரதக் கிராமையும் எழுதுங்கள். ராத்திரி படுக்குமுன் கூட்டிப் பாருங்கள். 40 வந்தால் நாளை எந்த வேளையில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ சேர்க்கலாம் என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.